வளர்ப்பவரின் பொறுப்பு வாசலோடு முடிவதில்லை

2024-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. மகளைக் காப்பாற்றப் பாய்ந்த தாயும் கடிபட்டார். சிறுமியின் தந்தை அந்தப் பூங்காவின் காவலாளி. நாய்கள் தெருநாய்கள் அல்ல, உரிமையாளர் உள்ளவை. சங்கிலியும் வாய்க்கவசமும் இன்றி அவை பூங்காவுக்குள் திரிந்தன. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். சிறுமி அறுவை சிகிச்சைக்கு உள்ளானாள்.

அதன் பிறகு நடந்த விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்தது: எந்த இன நாயைத் தடை செய்வது? அதற்கு இரு மாதங்களுக்கு முன்புதான், ஆபத்தானவை எனக் கருதப்பட்ட 23 இன நாய்களுக்கு உரிமம் வழங்க வேண்டாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. பூங்கா நிகழ்வுக்குப் பிறகு தமிழக அரசும் அதையொட்டி ஓர் உத்தரவை வெளியிட்டு, உடனே திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த அமளியில் இன்னொரு கேள்வி ஓரமாக ஒதுங்கிவிட்டது: அந்த நாய் யாருடையது, அப்போது அது யார் கையில் இருந்தது?

நாயின் இனம் பொருட்டே அல்ல என்று நான் கூறவில்லை. வலிமையான தாடை கொண்ட நாய் கடித்தால் காயம் ஆழமாகவே இருக்கும். ஆனால், இன்று ஓர் இனத்தைத் தடை செய்தால் நாளை பட்டியலில் இல்லாத இன்னோர் இனம் சந்தைக்கு வரும். பிரிட்டன் 1991-இல் சட்டமியற்றிச் சில இனங்களைத் தடை செய்தது. முப்பதாண்டுகளுக்கும் மேலான பிறகு, 2023-இல் 'எக்ஸ்எல் புல்லி' என்ற புதிய வகையையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. பட்டியல் நீளும், வளர்ப்பவரின் நடத்தை மாறாத வரை ஆபத்து குறையாது.

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில், 'புறவிளைவு' என்ற கருத்தை விளக்க நான் சாயப்பட்டறைகளையே உதாரணம் காட்டுவேன். பட்டறையின் லாபம் உரிமையாளருக்கு. கழிவுநீரின் சுமை நொய்யல் கரை உழவருக்கு. ஒருவர் பயனை எடுத்துக்கொண்டு, அதன் செலவை அதில் எந்தத் தொடர்பும் இல்லாத வேறொருவர் தலையில் இறக்கிவைப்பதே புறவிளைவு. ஆங்கிலப் பொருளியலாளர் ஆர்தர் பிகு நூறாண்டுகளுக்கு முன்பே இதைத் தெளிவாக விளக்கினார். செலவை உண்டாக்குபவரே அதை ஏற்கும்படி செய்ய வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

இன்று வகுப்பெடுக்க நேர்ந்தால் வளர்ப்பு நாயையே உதாரணமாகச் சொல்வேன். நாய் தரும் தோழமையும் காவலும் பெருமிதமும் வளர்ப்பவருக்கு உரியவை. அது கட்டுப்பாடின்றித் திரியும்போது எழும் அச்சமும் கடியும் மருத்துவமனை அலைச்சலும் அடுத்தவருக்கு உரியவையாகிவிடுகின்றன. அந்த 'அடுத்தவர்' வயது வந்தவராக இருந்தால் ஒதுங்கிப் போவார், சத்தம் போடுவார், காவல் நிலையத்தில் புகார் அளிப்பார். குழந்தையாக இருந்தால் இவற்றில் எதையும் செய்ய இயலாது. அதனால்தான் நாய் வளர்ப்பின் பொறுப்பைச் சோதித்துப் பார்க்கும் இடமாகப் பள்ளியின் சுற்றுப்புறம் அமைகிறது.

நான் வசிக்கும் தெருவில் ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. காலை எட்டரை மணி முதல் ஒன்பதேகால் வரை தெரு முழுவதும் சீருடைகள்தான். நாய்களை உலவ அழைத்துவரும் பலருக்கும் வசதியான நேரம் அதுவே. ஒரு கையில் சங்கிலியும் மறுகையில் கைப்பேசியுமாக அவர்கள் வருகிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும். "பயப்படாதே, ஒன்றும் செய்யாது" என்று நாய்க்காரர் புன்னகையோடு சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அது அவருக்குத் தெரிந்த உண்மை. அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அந்த நாயும் அவரிடம் நடந்துகொள்வதைப் போலவே கூச்சலிட்டு ஓடிவரும் இருபது பிள்ளைகளிடம் நடந்துகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை.

குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதலாக இருப்பதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. முதலாவது உயரம். பெரியவரைக் காலில் கடிக்கும் நாய், நான்கு வயதுக் குழந்தையை முகத்திலும் கழுத்திலும் கடிக்கிறது. இரண்டாவது, குழந்தைகளின் இயல்பு. ஓடுவதும் வீறிடுவதும் கையை ஆட்டுவதும் நாயின் துரத்தும் உணர்வைத் தூண்டுபவை. மூன்றாவது, நாயின் உடல்மொழி குழந்தைக்குப் புரிவதில்லை. உடல் விறைத்து நிற்பது, தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, மெல்ல உறுமுவது ஆகியவை நாய் விடுக்கும் எச்சரிக்கைகள். பல்லைக் காட்டும் நாய் சிரிப்பதாகச் சிறு குழந்தை எண்ணிக்கொள்ளும். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்று நாம் சொல்லி வளர்ப்பதும் உதவாது. குரைக்கிற நாயும் கடிக்கும். குரைக்காத நாயும் கடிக்கும்.

நான்காவது காரணமே என்னை மிகவும் உறுத்துவது. அந்தப் பாதையில் செல்வது குழந்தையின் விருப்பம் அன்று. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2009-இல் இயற்றினோம். பூங்காவுக்கு வராதே என்று ஒரு குழந்தையிடம் சொல்லிவிடலாம். பள்ளிக்குப் போகாதே என்று சொல்ல முடியாது. கட்டாயமாகச் செல்ல வேண்டிய இடத்துக்கு அச்சமின்றிச் செல்லும் வழியை அமைத்துக் கொடுப்பது சமூகத்தின் கடமையாகிறது.

கடியின் வலியோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. ரேபிஸ் எனும் வெறிநோயால் 43 பேர் இறந்தனர். உலக அளவில் ரேபிஸ் இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்கள் வழியாகவே வருகிறது. சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள்.

இந்நோயின் கிருமி நரம்புகள் வழியாக மூளையை நோக்கி நகர்கிறது. அறிகுறி தோன்றப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஒரு வாரத்திலும் தோன்றலாம், ஓராண்டும் ஆகலாம். கடிபட்ட இடம் மூளைக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ, அவ்வளவுக்கு ஆபத்து விரைவாக நெருங்கும். குழந்தையின் முகத்தில் விழும் கடி ஏன் அஞ்சத்தக்கது என்பது இதிலிருந்து விளங்கும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. அதற்கு முன் உரிய சிகிச்சை பெற்றுவிட்டால் ஏறத்தாழ முழுமையாகத் தடுத்துவிடலாம். 1885-இல் லூயி பாஸ்டர் தம் தடுப்பூசியை முதன்முதலில் செலுத்தியது, நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத்தான். நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது 1907-இல். நூறாண்டுகளுக்கு மேலாகத் தடுக்கும் வழி நம் கையிலிருந்தும் குழந்தைகள் இறப்பதற்கு மருந்தில்லாமை மட்டுமே காரணம் அன்று. காலத்தில் சொல்லாமையும், காலத்தில் செல்லாமையும் பெருங்காரணங்கள்.

கடிபட்டால் செய்ய வேண்டியவை எளியவை. காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி, முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் எனத் தோலுக்குள் போடப்படுகிறது. தோல் கிழிந்து இரத்தம் கசிந்திருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் எனும் எதிர்ப்புப் புரதத்தையும் செலுத்த வேண்டும். தடுப்பூசி உடலில் வேலை செய்யத் தொடங்கும் வரையிலான இடைவெளியைக் காப்பது அதுவே. கடித்தது வீட்டு நாய், குட்டி நாய், சிறு கீறல் என்ற எந்தச் சமாதானமும் இங்கே செல்லாது.

அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று பொருளாகாது. நான்கு நாள்கள் தாயோ தந்தையோ கூலியை விட்டுக் குழந்தையோடு வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளைக்கு நான்கு நாள் பாடம் போகும். தடுப்பூசிக்கான பணம் நம் எல்லோருடைய வரியிலிருந்து வருகிறது. தெருவில் நடக்கவே அஞ்சும் குழந்தையின் மனக்கலக்கத்துக்கு விலைச்சீட்டே கிடையாது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது, உரிமையாளர் தம் நாய்க்கு ஆண்டுக்கொரு முறை போட வேண்டிய ஓர் ஊசியும் ஒரு சங்கிலியும்தான். ஒருவர் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த, பிறர் பல ஆயிரம் ரூபாயை இழக்கிறார்கள். இதைவிட மோசமான பரிமாற்றத்தைப் பாடப்புத்தகத்தில்கூடக் காண்பது அரிது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. விலங்கை வைத்திருப்பவர், அதனால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய முன்னெச்சரிக்கை எடுக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ ரூ.5,000 வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாய்களின் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை மூன்றையும் உரிமையாளரின் பொறுப்பாக்கியுள்ளன. தெருநாய்களுக்கு உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் நுழைவாயில்களிலிருந்தும் விலகியிருக்க வேண்டும், உணவிடும் நேரத்தைக் குழந்தைகளின் நடமாட்டத்தைக் கருதி வகுக்க வேண்டும் என்றும் அதே விதிகள் கூறுகின்றன. பள்ளி வாசலில் பிஸ்கட் போடும் அன்பர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

உச்சநீதிமன்றம் 2025 நவம்பர் 7-இல் பிறப்பித்த உத்தரவில், பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து, ரயில் நிலையங்கள் போன்ற வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும், அவற்றை மீண்டும் அங்கேயே விடக்கூடாது, வளாகங்களுக்கு வேலி அமைக்க வேண்டும் என்று கூறியது. உத்தரவின் நோக்கம் சரியானதே. ஆனால், அது தெருநாய்களைப் பற்றியது. பள்ளியின் மதிலுக்கு வெளியே சங்கிலியின்றி நடந்துபோகும் வளர்ப்பு நாயை எந்த வேலியும் தடுக்காது.

தெருநாய், வளர்ப்பு நாய் என்ற பாகுபாடும் நாம் எண்ணுகிற அளவுக்கு உறுதியானதன்று. 'நாய் விற்ற காசு குரைக்காது' என்பார்கள். காசு குரைக்காமல் இருக்கலாம். விற்கப்பட்ட நாய் குரைக்கும், வளரும், உண்ணும், நோயுறும். பிறந்தநாள் பரிசாக வாங்கிய குட்டி ஓராண்டில் முப்பது கிலோ நாயாகிவிட்டதும், வாடகை வீடு மாறும்போது இரவோடு இரவாகத் தெருவில் இறக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். கருத்தடை செய்யப்படாத அந்த நாயிலிருந்து ஒரு தலைமுறை தெருவில் பிறக்கிறது. ஒருவர் கைகழுவிய பொறுப்பு, நாளை ஒரு மாநகராட்சியின் தலைவலியாகிறது.

குட்டியை வாங்கும் நாளிலேயே பொறுப்பு தொடங்கிவிடுகிறது. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது; இனப்பெருக்கம் செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரையிலான பருவத்தில்தான் குட்டி, எது அஞ்சத்தக்கது, எது இயல்பானது என்று கற்றுக்கொள்கிறது. அந்தப் பருவத்தில் மனிதரையும் குழந்தைகளையும் அமைதியாகப் பார்த்துப் பழகாமல் கூண்டிலும் மொட்டை மாடியிலும் அடைபட்டிருந்த நாய், பிற்பாடு அச்சத்தால் கடிக்கும் வாய்ப்பு அதிகம். இராஜபாளையமும் கோம்பையும் சிப்பிப்பாறையும் பரந்த வெளியில் காவலுக்கும் வேட்டைக்கும் உருவான இனங்கள். அவற்றை இரண்டு அறைக் குடியிருப்பில் நாள் முழுவதும் கட்டிவைத்துவிட்டு, மாலையில் பத்து நிமிடம் அவிழ்த்துவிட்டால் அந்த ஆற்றல் எங்கே போகும்?

இவ்வளவு விதிகள் இருந்தும் நடைமுறை ஏன் மாறவில்லை? விதியை மீறினால் பிடிபடும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை எல்லோரும் அறிந்திருப்பதே காரணம். சென்னை மாநகராட்சியில் நாய் உரிமத்துக்கான கட்டணம் 50 ரூபாய்தான். ஆயினும், உரிமம் பெறாவிட்டால் ரூ.5,000 அபராதம் என்று 2025-இன் இறுதியில் அறிவித்து, உடலில் மைக்ரோசிப் பொருத்தவும் முகாம்கள் நடத்திய பிறகே மக்கள் வரிசையில் நின்றார்கள். மக்கள் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. விதி உண்மையிலேயே செயல்படும் என்ற நம்பிக்கை வந்தால் நடத்தை மாறும் என்பதே பொருள்.

உரிமமும் மைக்ரோசிப்பும் வெறும் வருவாய்க்கானவை என்று எண்ணிவிடக்கூடாது. அவை தரும் தகவலே பெரிது. கடித்த நாய்க்கு ஊசி போடப்பட்டதா, கடித்த பிறகு பத்து நாள்கள் அது நலமாக இருந்ததா என்பவை மருத்துவருக்குத் தேவையான செய்திகள். தண்டனைக்கு அஞ்சி உரிமையாளர் நாயை மறைத்துவிட்டால், அந்தச் செய்தியும் மறைந்துவிடும். குழந்தையின் பெற்றோர் இருட்டில் தவிப்பார்கள். எனவே, கடித்ததை முன்வந்து தெரிவித்து சிகிச்சைக்கு உதவுபவரிடம் சற்று மென்மையும், மறைப்பவரிடம் கடுமையும் காட்டும் வகையில் அபராதங்களை அமைக்க வேண்டும்.

ஜெர்மனியின் நகராட்சிகள் நாய்க்கு ஆண்டு வரி விதிக்கின்றன. பெர்லின் உள்ளிட்ட சில மாநிலங்களில், நாயால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடும் கட்டாயம். நம் நாட்டில் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை ஏற்றுக்கொண்டுவிட்டோம். பெரிய நாய்களை வளர்ப்போரிடமாவது அதே கடப்பாட்டைக் கேட்பதில் அநியாயம் எதுவும் இல்லை. ஏழை வீட்டு நாட்டு நாய்க்கு உரிமமும் கருத்தடையும் இலவசமாகவே இருக்கலாம். பொறுப்பு என்பது பணக்காரர் மட்டும் வாங்கக்கூடிய சரக்காகிவிடக்கூடாது.

பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. மதிய உணவின் மிச்சம் வாசலில் கொட்டப்படும் வரை அங்கே நாய்கள் கூடத்தான் செய்யும். நாயின் எச்சம் கிடக்கும் மணலில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைக்குக் கொக்கிப்புழு தொற்ற வாய்ப்புண்டு என்பதால், விளையாட்டுத் திடலின் தூய்மையும் இதில் அடங்கும். பிள்ளைகளுக்குச் சில எளிய பாடங்களைச் சொல்லித்தரலாம்: உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் குட்டியோடு இருக்கும் நாயையும் நெருங்காதே. உரிமையாளரைக் கேட்காமல் தொடாதே. நாய் நெருங்கினால் ஓடாதே. கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு மரம்போல் அசையாமல் நில், அதன் கண்ணை உற்றுப் பார்க்காதே. கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான பாடம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியது. "அந்தப் பக்கம் போகாதே என்றேனே" என்று அடி விழும் என அஞ்சும் பிள்ளை, கடித்ததைச் சொல்லாது. கால்சட்டைக்குள் மறைத்த சிறு கீறலே உயிரைக் குடித்துவிடக்கூடும். 'நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே சொல். யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள்' என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருமுறையல்ல, பலமுறை சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். வீட்டில் நாய் வளர்ப்போர், அது எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், சிறு குழந்தையோடு அதைத் தனியே விட்டுச் செல்லக்கூடாது.

நாய்களின் மீது வெறுப்பை வளர்ப்பது என் நோக்கமன்று. உயிர்களிடத்தில் பரிவு காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக நம் அரசமைப்புச் சட்டமே வகுத்திருக்கிறது. கட்டுப்பாடில்லாத ஒரு நாயின் கடிக்குப் பிறகு ஒரு தெருவே எல்லா நாய்களையும் கல்லால் அடிக்கக் கிளம்புவதைக் காண்கிறோம். பொறுப்பற்ற உரிமையாளரின் செலவைக் குழந்தை மட்டுமல்ல, நாயும்தான் ஏற்கிறது. ஒரு வட்டாரத்து நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாயைக் காப்பதும் குழந்தையைக் காப்பதும் ஒரே வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அரசு செய்ய வேண்டியவற்றுக்குக் காலம் பிடிக்கும். உரிமையாளர் நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி தொடங்கும் அந்த முக்கால் மணி நேரமும், பள்ளி விடும் அரை மணி நேரமும் நாயைப் பள்ளித் தெருவுக்கு அழைத்துவராமல் இருக்கலாம். வந்தே ஆக வேண்டுமெனில், குட்டையாகப் பிடித்த சங்கிலியோடு எதிர்ப்புறமாக நடக்கலாம். இதற்குச் சட்டமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். சுவரோடு ஒட்டி நிற்கும் பிள்ளை தெருவின் நடுவே நடந்துபோக அது போதும்.